அறையோடு கூடிய கிராமத்து உணவகம்: வேல்ஸ் பக்கம் ஓர் இரவு, போகலாமா?

ரெடிங்_ரயில்:

வணக்கம். ஏப்ரல் 20 எங்கள் பத்தாவது கல்யாண நாள். இந்த முறை கோட்டை, மியூசியம், வரிசை எதுவும் வேண்டாம் என்று வீட்டில் உத்தரவாகிவிட்டது. நல்ல சாப்பாடு, சாப்பிட்டு எழுந்தால் நாலு படி ஏறிப் படுக்கை, காலையில் அவசரமில்லாத காபி. இவ்வளவுதான் கேட்டிருக்கிறாள்.

தேடியபோது 'ரெஸ்டாரன்ட் வித் ரூம்ஸ்' என்று ஒரு வகை கண்ணில் பட்டது. ரெடிங்கிலிருந்து வண்டியில் இரண்டரை மணி நேரத்துக்குள், வேல்ஸ் எல்லையை ஒட்டி நிறைய இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் எல்லா இணையதளத்திலும் ஒரே படம்தான். எரிகிற கணப்பு, அதன் முன்னால் தூங்குகிற நாய். வாசகமும் ஒன்றேதான்: 'எங்கள் வட்டாரத்து விளைபொருள்'. இதில் எது நிஜம், எது அலங்காரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் சைவம், முட்டை சாப்பிடுவாள். நான் எதையும் விட்டுவைப்பதில்லை. இருவருக்கும் எல்லாம் சேர்த்து 400 பவுண்டுக்குள் முடிந்தால் நல்லது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு:

தம்பி, முதலில் இரண்டு பேருக்கும் வாழ்த்து. நான் கார்டிஃபில் இருக்கிறேன். இந்த மாதிரி இடங்களுக்கு வருடத்தில் ஒரு தடவையாவது வெளிக்கிட்டுவிடுவோம்.

ஹோட்டல் என்று நினைத்துப் போகாதீர்கள். ஹோட்டலில் அறைதான் வியாபாரம், சாப்பாடு அதோடு ஒட்டிக்கொண்டு வரும். பப்பில் பியர் வியாபாரம். இங்கே சமையலறைதான் வீட்டுக்காரர். ஏஏ என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் இந்த வகைக்குத் தரம் போடும்போது, 12 அறைக்கு மேல் இருக்கக் கூடாது, வாரத்தில் ஐந்து இரவாவது சாப்பாடு நடக்க வேண்டும், தங்காதவரும் வந்து சாப்பிட இடம் வேண்டும் என்று பார்க்கிறது. நாங்கள் தங்கிய இடங்களில் நாலு முதல் எட்டு அறைதான் இருந்தது. வரவேற்பு மேசை, லிஃப்ட், இரவு பன்னிரண்டு மணிக்கு சாண்ட்விச் இதெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

அறை எதற்கு என்றால், அந்தக் கிராமங்களில் இரவு பத்து மணிக்கு பஸ்ஸும் கிடையாது, டாக்சியும் கிடையாது. 1967இல் ஊதிப் பார்க்கிற சோதனை வந்த பிறகு, இரண்டு கிளாஸ் வைனுக்கு மேல் குடித்தவர் காரை எடுப்பது ஆபத்தான விளையாட்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம்தான் எல்லை. ஆக, தூரத்திலிருந்து வருகிறவரை மேசையில் நிம்மதியாக உட்கார வைக்க மாடியில் நாலு கட்டில் போட வேண்டியதாகிவிட்டது. இது என் கணவரின் விளக்கம். வைன் குடிப்பவரும் அவர்தான்.

இடம் என்றால், வேல்ஸ் எல்லையை ஒட்டிய அபர்கவெனி என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில் தேடுங்கள். அங்கே வால்நட் ட்ரீ என்று ஒன்று இருக்கிறது. 1963இல் பிராங்கோ டருஸ்கியோ என்ற இத்தாலியரும் அவர் மனைவியும் தொடங்கி, 2001 வரை நடத்தினார்கள். 2008இல் ஷான் ஹில் என்ற சமையல்காரர் கையில் எடுத்தார். பக்கத்தில் தங்குவதற்குக் குடில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் 1999 முதல் செப்டம்பரில் உணவுத் திருவிழாவும் நடக்கிறது. அந்தத் திருவிழா நாட்களில் மட்டும் அறை தேடாதீர்கள், கிடைக்காது.

கணக்குப்பிள்ளை:

400 பவுண்டுக்கு வீட்டிலேயே ஒரு மாதம் ராஜசாப்பாடு சாப்பிடலாம் என்று சொல்லத்தான் வந்தேன். கல்யாண நாள் என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

உப்புச்சிட்டிகை:

நான் இப்படி ஓர் இடத்தில் இரண்டு சீசன் அடுப்படியில் நின்றவன். அண்ணா, ஒரே ஒரு வேண்டுகோள்: ஏப்ரல் 20 வேண்டாம்.

இந்த நாட்டு விவசாயிகள் 'ஹங்ரி கேப்' என்று ஒரு காலத்தைச் சொல்வார்கள். ஏப்ரலில் தொடங்கி ஜூன் ஆரம்பம் வரை. வெளியே பார்த்தால் வசந்தம், பூ, ஆட்டுக்குட்டி, எல்லாம் அழகு. தோட்டத்தில் ஒன்றும் இருக்காது. கிடங்கில் வைத்த உருளையும் கேரட்டும் முளைவிட ஆரம்பித்திருக்கும். குளிர்காலம் தாங்கிய லீக்ஸும் கேலும் பூவுக்குப் போய்விடும். புதிதாக விதைத்தது இன்னும் விரல் நீளம்தான். வருடத்தில் பச்சையாகத் தெரிகிற மாதமும் சமையலறை காலியாகக் கிடக்கிற மாதமும் ஒன்றே.

இந்த ஆறேழு வாரத்தில்தான் 'வட்டாரத்து விளைபொருள்' என்று போர்டு வைத்தவர்களின் குட்டு வெளிப்படும். நேர்மையான இடம் மெனுவைச் சுருக்கும், முட்டையையும் சீஸையும் மீனையும் முன்னால் தள்ளும். மற்றவர்கள் மொத்த வியாபாரிக்குப் போன் போடுவார்கள். நாங்களும் போட்டோம், மறைக்க என்ன இருக்கிறது. ஏப்ரல் முழுவதும் ஸ்பெயின் கத்தரிக்காய் வந்தது. வாசல் பலகையை யாரும் கழற்றவில்லை.

ஜூன் நடுவில் போங்கள். கல்யாண நாளை இரண்டு மாதம் தள்ளிக் கொண்டாடினால் கல்யாணம் ஒன்றும் செல்லாமல் போகாது.

புல்வெளி:

உப்புச்சிட்டிகை சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் சண்டை போடுகிறேன்.

நான் இருபது வருடமாக சைவம், மான்செஸ்டரில் இருக்கிறேன். ஏப்ரலில் போய் மிக நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன். காட்டுப் பூண்டு இலை அப்போதுதான் ஓடைக்கரை முழுக்க மண்டிக் கிடக்கும். ஊதா நிற பிராக்கோலி கடைசிச் சுற்று வரும். ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு இருக்கும். வெய்க்ஃபீல்டு பக்கம் குளிர்காலத்தில் இருட்டுக் கொட்டகைக்குள் ரூபார்ப் வளர்க்கிறார்கள், தெரியுமா? பனி பட்ட வேரைத் தோண்டி உள்ளே கொண்டுபோய் வெதுவெதுப்பில் வைத்துவிட்டால், வெயில் இல்லாமல் வேரில் சேர்ந்த சர்க்கரையைக் கொண்டே தண்டு எழும்பும். பறிப்பது மெழுகுவத்தி வெளிச்சத்தில். 2010இல் அதற்குப் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. அந்த இளஞ்சிவப்புத் தண்டை மார்ச்சில் சாப்பிட்டவர்கள் 'ஒன்றும் இல்லாத காலம்' என்று சொல்ல மாட்டார்கள்.

ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் நாள். அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறியின் பருவம் வழக்கமாக அன்று தொடங்கி ஜூன் 21இல் முடியும். இவருடைய தேதி 20! மூன்று நாளில் போய்விட்டது. அதற்காக மட்டும் உப்புச்சிட்டிகையோடு ஒத்துப்போகிறேன்.

ரெடிங்_ரயில், உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள். போவதற்கு மூன்று நாள் முன் இன்னொரு தடவை போனில் சொல்லுங்கள். வாசலில் போய் நின்று சொன்னால் காளான் ரிசோட்டோதான் வரும். எனக்குப் பதினோரு தடவை வந்திருக்கிறது, எண்ணி வைத்திருக்கிறேன். ஒளிந்திருக்கிற ஆபத்துகளையும் கேளுங்கள்: சூப்பில் கோழிச்சாறு, புட்டிங்கில் மாட்டுக் கொழுப்பு, ஜெல்லியில் ஜெலட்டின், கெட்டியான சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட். 14 ஒவ்வாமைப் பொருள்களைக் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் கோழிச்சாறு அந்தப் பட்டியலில் இல்லை. நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

கணக்குப்பிள்ளை:

வாயை மூடிக்கொள்கிறேன் என்றேன், முடியவில்லை.

மூன்று வருடம் முன் மேற்குப் பக்கம் ஒரு கிராமத்து இடத்துக்குப் போனோம். பேர் வேண்டாம். மெனுவின் பின்பக்கம் முழுவதும் பண்ணைப் பெயர்கள். எந்தப் பண்ணை, எந்த மாட்டு இனம், என்ன புல் தின்றது என்று மாட்டின் ஜாதகமே இருந்தது. சாப்பாடு மோசமில்லை. காலையில் இறங்கி வந்தால், தட்டில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் ஜாம். விமானத்தில் தருவார்களே, அதே. ஆரஞ்சுச் சாறு அட்டைப் பெட்டியில். பண்ணைகள் எல்லாம் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்துவிட்டன போலிருக்கிறது.

அன்றிலிருந்து 'லோக்கல்' என்ற சொல்லைப் பார்த்தாலே பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அதற்குச் சட்டத்தில் இத்தனை மைல் என்று வரையறையே கிடையாது. உழவர் சந்தைக்காரர்கள் முப்பது மைல் என்று தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உணவகக்காரருக்கு அதுவும் இல்லை. அப்பட்டமாகப் பொய் சொன்னால் குற்றம், இழுத்துச் சொன்னால் விளம்பரம்.

உப்புச்சிட்டிகை:

கணக்கு அண்ணா, நீங்கள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். உண்மை தெரிவது காலைச் சாப்பாட்டில்தான். இரவுச் சாப்பாடு மேடை. எல்லாரும் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், பாராட்டி எழுதுவார்கள். காலையில் யாரும் பார்ப்பதில்லை. இரவு பதினொன்றரைக்கு அடுப்பைத் துடைத்த ஆளே காலை ஏழுக்குத் திரும்ப வர வேண்டும். சின்ன இடம், ஆள் பற்றாக்குறை. அந்த நேரத்திலும் ஒருவர் பக்கத்து வீட்டு முட்டையை உடைத்து, தானே போட்ட ஜாமைத் திறந்து வைக்கிறார் என்றால் அவர் மெனுவில் எழுதியிருக்கும் மற்றதையும் நம்பலாம்.

இரண்டாவது ஒரு கணக்கு சொல்கிறேன், உங்கள் பேருக்கு ஏற்ற மாதிரி. ஓர் ஆட்டுக்குட்டியில் இரண்டு விலா வரிசை, வரிசைக்கு எட்டு எலும்பு. மொத்தம் பதினாறு. ஆளுக்கு மூன்று சாப்ஸ் வைத்தால் ஐந்து பேருக்குத்தான் வரும். பக்கத்துப் பண்ணையிலிருந்து முழு ஆடாக வாங்குகிற இடத்தில் ஐந்து தட்டு போனதும் சாப்ஸ் தீர்ந்துவிடும். அப்புறம் தோள்கறி, கழுத்து, கால், கொத்துக்கறி எல்லாவற்றையும் எப்படியாவது தட்டில் ஏற்றியாக வேண்டும். அதனால் அந்த மெனு நாளுக்கு நாள் மாறும், வாரக் கடைசியில் கொஞ்சம் வினோதமாகவே இருக்கும். வாரம் ஏழு நாளும் சாப்ஸ் மட்டுமே போடுகிற இடத்துக்கு ஆடு வருவதில்லை, பிளாஸ்டிக் உறையில் சாப்ஸ்தான் வருகிறது.

மெனுவில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள். என்ன தீர்ந்துபோயிருக்கிறது என்று கேளுங்கள். எதுவுமே தீராத சமையலறை மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

சும்மா_வந்தேன்:

ஒரு சந்தேகம். பாரா பிரித் வேல்ஸின் சொந்த ரொட்டி என்கிறார்கள். அதில் ஊறப்போடுவது தேயிலை, உள்ளே போடுவது உலர்திராட்சை. இரண்டும் வேல்ஸில் விளையாது. அப்போ அது லோக்கலா, இறக்குமதியா?

மழைக்கோட்டு:

இவர் வேறு வந்துவிட்டார்.

பிள்ளை, அதைச் சுடுகிற கை லோக்கல். போதாதா?

வடக்குக்காற்று:

சும்மா கேட்ட கேள்வி போலத் தெரிகிறது, ஆனால் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி அதுதான்.

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் த்ரீ சிம்னீஸ் என்று ஓர் இடம், கோல்போஸ்ட் என்ற குக்கிராமத்தில், கடல் ஏரிக் கரையில், பழைய குடியானவர் வீடு. ஷெர்லி ஸ்பியரும் கணவர் எடியும் 1980களின் நடுவில் உணவகம் தொடங்கினார்கள். தங்கும் அறைகள் பல வருடம் கழித்து 1999இல்தான் வந்தன. முதலில் சாப்பாடு, அப்புறம் கட்டில். மழைக்கோட்டு அக்கா சொன்ன வரிசையேதான். (2019இல் அவர்கள் விற்றுவிட்டார்கள்.) நண்டு, சிப்பி எல்லாம் வாசலில் தெரிகிற கடலிலிருந்து. சரி, அந்த இடத்துக்குப் பேர் வாங்கித் தந்த இனிப்பு எது? சூடான மார்மலேட் புட்டிங். மார்மலேடுக்கு வேண்டிய கசப்பு ஆரஞ்சு ஸ்பெயினிலிருந்து வர வேண்டும். ஸ்கை தீவில் ஆரஞ்சு மரம் நட்டால் காற்றே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

ஆகவே எல்லாமே பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று நான் கேட்பதில்லை. எலுமிச்சைக்குப் பதில் வினிகர், ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் கடுகு வகை எண்ணெய் என்று பிடிவாதமாக நிற்பவர்கள் இருக்கிறார்கள், மரியாதை உண்டு. ஆனால் அவர்கள்கூடக் காபிக்குத் தோட்டம் போடவில்லை. அந்த ஊரில் கிடைப்பதை விட்டுவிட்டுத் தூரத்திலிருந்து வரவழைக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி. கடலைப் பார்த்தபடி உட்கார வைத்துவிட்டு வியட்நாம் இறால் போட்டால் கோபம் வரும். ஆரஞ்சுக்கு வராது.

இன்னொன்று, ஸ்காட்லாந்துக்கு வண்டியில் வருகிறவர்களுக்கு: 2014 டிசம்பர் முதல் இங்கே மது எல்லை 80 இல்லை, 50. அரை கிளாஸ்தானே என்று எழுந்து போகாதீர்கள், அறை எடுங்கள்.

புல்வெளி:

தூரத்திலிருந்து வரவழைப்பதைப் பற்றி: வேல்ஸில் முதன்முதலில் மிஷெலின் உணவக வழிகாட்டியின் இரண்டு நட்சத்திரம் வாங்கியது மகன்லெத் பக்கத்தில் இருக்கிற இன்ஸ்ஹிர், 2022இல். அதுவும் அறையோடு கூடிய உணவகம்தான். சமையல்காரர் கேரத் வார்டுக்கு ஜப்பான் மேல் காதல், பொருளும் அங்கிருந்து வருகிறது. யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் அவர் ஒளித்து வைக்கவில்லை.

எதிர்ப்பக்கம் பார்த்தால் கும்ப்ரியாவில் கார்ட்மெல் கிராமத்து லான்க்ளூம். பழைய கொல்லன் பட்டறை. பேருக்கே பிரெஞ்சில் பட்டடைக்கல் என்று அர்த்தம். சைமன் ரோகன் 2002இல் தொடங்கி, பக்கத்துப் பள்ளத்தாக்கில் சொந்தப் பண்ணையே போட்டுவிட்டார். 2022இல் மூன்று நட்சத்திரம். இரண்டு பேரும் அதே வருடம் ஏறியிருக்கிறார்கள், ஒருவர் தோட்டத்தோடு, ஒருவர் விமானத்தோடு. ரெடிங்_ரயில், இந்த இரண்டும் உங்கள் 400க்குள் வராது, ஆசைப்பட வேண்டாம்.

மழைக்கோட்டு:

அயர்லாந்தையும் ஒருவர் சொல்லியிருக்கலாம். கார்க் பக்கம் பாலிமலூ ஹவுஸ். மிர்ட்டில் ஆலன் என்ற அம்மா, விவசாயியின் மனைவி, பிள்ளை குட்டிக்காரி, 1964இல் தன் வீட்டுச் சாப்பாட்டு அறையையே உணவகமாகத் திறந்தார். அறைகள் 1967இல். மெனுவை அன்றன்று எழுதுவாராம். பண்ணையில் எது பறித்தார்களோ, பாலிகாட்டன் படகில் எது வந்ததோ அதுதான் அன்றைக்கு. 1975இல் மிஷெலின் நட்சத்திரம். 2018இல் காலமானார். 'வட்டாரத்து விளைபொருள்' என்று இன்றைக்கு எல்லாரும் பலகையில் எழுதுவதை அந்த அம்மா வேறு வழி தெரியாமல் செய்யத் தொடங்கினார் என்றுதான் எனக்குத் தோன்றும். கைக்கு எட்டினதைச் சமைத்தார், அவ்வளவுதான்.

நானும் அங்கே போனதில்லை. போக வேண்டும் என்று இவரிடம் சொல்லிச் சொல்லிப் பத்து வருடம் ஆகிறது.

ரெடிங்_ரயில்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசிவிட்டேன். 'ஹங்ரி கேப்' பற்றி வாசித்துக் காட்டினேன். கத்தரிக்காய்க் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஜூன் என்றே முடிவு செய்துவிட்டாள். ஏப்ரல் 20க்கு ஒரு கேக்.

வேல்ஸ் எல்லையில் இருக்கிற கறுப்பு மலைகள் பக்கம் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஆறு அறை, புதன் முதல் ஞாயிறு வரை. இரவுச் சாப்பாடு, அறை, காலைச் சாப்பாடு மூன்றும் சேர்த்து வியாழனுக்கு 320 பவுண்டு, சனிக்கு 395. சனி இரவு மட்டும் தனியாகத் தர மாட்டோம், வெள்ளியும் சேர்த்துத்தான் என்கிறார்கள். முன்பணம் 100 பவுண்டு, போகிற நாளுக்கு முந்தின மூன்று நாளுக்குள் ரத்து செய்தால் திரும்பாது. இதெல்லாம் வழக்கம்தானா?

உப்புச்சிட்டிகை:

வழக்கம்தான். ஆறு அறை என்றால் இரவுக்கு இருபது தட்டுகூடப் போகாது. இரண்டு பேர் வராவிட்டால் பத்தில் ஒரு பங்கு வருமானம் போச்சு, வாங்கின மீன் குப்பைக்கு. முன்பணம் கேட்காத இடம் சீக்கிரம் மூடிவிடும்.

வியாழனே போங்கள். விலைக்காக மட்டும் இல்லை. புதன்கிழமை சரக்கு வந்து இறங்கும், வியாழன் எல்லாம் புதிது, ஆள்களும் களைத்திருக்க மாட்டார்கள். ஞாயிறு இரவு நாங்கள் எப்படி இருப்போம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

சாப்பாடு ஒரே நேரத்தில் ஏழு அல்லது ஏழரைக்குத் தொடங்கும். தாமதமாகப் போகாதீர்கள், அது சினிமா கொட்டகை மாதிரிதான். பில்லில் சர்வீஸ் 12.5 சதவீதம் போட்டிருந்தால், விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்பதுதான் பொருள். 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் வேலைக்காரருக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. முதலாளி அதில் கை வைக்க முடியாது. நான் வேலை செய்த காலத்தில் வந்திருக்கக் கூடாதா!

புல்வெளி:

லேவர்பிரெட் கொடுத்தால் உங்கள் மனைவிக்கு ஒரு எச்சரிக்கை. பேரில் ரொட்டி இருந்தாலும் அது கடற்பாசி, மணிக்கணக்கில் வேகவைத்து மசித்தது. ஓட்ஸில் புரட்டி வறுத்துக் காலையில் கொடுப்பார்கள். சைவம்தான், ஆனால் வழக்கமாக வறுப்பது பன்றிக் கொழுப்பில். கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ரெடிங்_ரயில்:

போய் வந்துவிட்டோம். ஜூன் மூன்றாவது வியாழன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தவறு என்னுடையது. கடைசி ஆறு மைல் போன் சிக்னல் இல்லை, வழிகாட்டி அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு வண்டி மட்டுமே போகிற சந்தில் எதிரே டிராக்டர். நான் பின்னால் போக, அவர் முன்னால் வர, கால் மைல் அப்படியே ஊர்வலம். டிராக்டர்காரர் இறங்கி வந்து, எங்கே என்று கேட்காமலேயே 'சாப்பிடத்தானே? அடுத்த இடது' என்றார். 

கல் வீடு. கணப்பு இருந்தது, எரியவில்லை, ஜூன் அல்லவா. நாய் இருந்தது, தூங்கவில்லை.

மெனு ஒரே ஒரு தாள், கையெழுத்து. முதலில் அஸ்பாரகஸ், இந்த வருடத்தில் இதுதான் கடைசி வாரம் என்று சொல்லியே வைத்தார்கள். எனக்கு அடுத்து செவின், ஆற்றுக்கு ஏறி வருகிற கடல் டிரவுட். தோல் மொறுமொறுவென்று, பக்கத்தில் பெம்ப்ரோக்ஷயர் புது உருளை, வெண்ணெய், வேறு ஒன்றும் இல்லை. அப்புறம் தென் வேல்ஸின் கௌவர் தீபகற்பத்துக் கரையோரத்து உப்புச் சதுப்பில் மேய்ந்த ஆட்டுக்குட்டி. 2021இல் அதற்குப் புவிசார் பாதுகாப்பு கிடைத்ததாம், ஜூனில்தான் பருவம் ஆரம்பம். உப்புச்சிட்டிகை, உங்களுக்காகவே கேட்டேன்: 'சாப்ஸ் இல்லையா?' பரிமாறிய பெண் கொஞ்சம்கூட வருத்தப்படாமல் 'நேற்றே தீர்ந்துவிட்டது, இன்று தோள்' என்றாள். நான் சிரித்தது ஏன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. ஆட்டில் உப்பு ருசி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன், இல்லை. சாதாரண ஆட்டிறைச்சியில் வாயில் ஒட்டுகிற கொழுப்பு மணம் இதில் இல்லை, அதுதான் வித்தியாசமாகத் தெரிந்தது. 

ஆனால் மேசையில் ஜெயித்தது அவள் தட்டு. பிராட் பீன்ஸை இரண்டு தடவை உரித்து, புதினாவும் தயிர் போன்ற ஆட்டுப்பால் சீஸும் சேர்த்து, மேலே பொரித்த முட்டைக்கோஸ் இலை. ரிசோட்டோ இல்லை, புல்வெளி! பாதிக்கு மேல் நான்தான் தின்றேன். அதற்கு அப்புறம் அவளுக்கு வந்தது கொஞ்சம் சுமார். வறுத்த வெங்காயம் ஒன்று, முழுசாக, கூடவே நிறைய நம்பிக்கை. எல்லாமே பிரமாதம் என்று எழுத முடியாது.

அறை சிறியது. தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, குளியலறைக் கதவு தானாகத் திறக்கிறது. அஞ்சு மணிக்கே விடிந்துவிட்டது, திரை மெல்லிசு, வெளியே ஆடுகள் பேச்சை ஆரம்பித்துவிட்டன. தூக்கம் வேண்டுமென்றால் கண்மூடி எடுத்துப் போங்கள்.

இப்போது காலைச் சாப்பாடு. இரவு பரிமாறிய அதே பெண், கண் வீங்கியிருந்தது, முட்டைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். முட்டைகள் மூன்று நிறம். லேவர்பிரெட்டை அவளுக்குத் தனிச் சட்டியில் வெண்ணெயில் வறுத்துத் தந்தார்கள். போனில் சொன்னதை நினைவு வைத்திருந்திருக்கிறார்கள். பச்சையும் கறுப்புமாகப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது, ருசி கடலும் கீரையும் சேர்ந்தது. அவளுக்குப் பிடித்தது, எனக்கு இரண்டு வாய் போதும். பாரா பிரித்தும் இருந்தது. திராட்சை எங்கிருந்து என்று கேட்க வாய் வரை வந்தது, மேசைக்குக் கீழே ஒரு உதை விழுந்தது. ஜாம் கண்ணாடி ஜாடியில், மூடியில் பென்சிலால் போன வருடத்துத் தேதி. பிளாக்கரன்ட் பழத்தில் போட்டது.

கணக்குப்பிள்ளை:

மொத்தம்?

ரெடிங்_ரயில்:

386. அறையும் சாப்பாடும் 320, அவளுக்கு எல்டர்ஃபிளவர் சாறு, எனக்கு வைன் மூன்று கிளாஸ், மீதி பரிமாறியவர்களுக்கு.

கணக்குப்பிள்ளை:

அதாவது ஒரு தோள்கறி, ஒரு வெங்காயம், மூன்று நிற முட்டை. சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஜாம் ஜாடி விற்கிறார்களா?

ரெடிங்_ரயில்:

கேட்டோம். மேசையில் இருந்ததுதான் கடைசி ஜாடியாம். ஜூலையில் பழம் பழுத்த பிறகு வரச் சொன்னார்கள்.